ஸ்வீடன்காரரும் தூணில்லாத மண்டபமும்

கட்டடப் படம் வரைவோர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் கணினியில் கட்டடப் படம் வரைகிறவர்கள். விரலில் மை ஒட்டாத தலைமுறை. “பழைய ஆளுங்க அனுபவத்தப் போடறமுங்க. நல்லதா எழுதிக் குடுங்க” என்றார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தோடு முடிந்துவிடும், மீதி இடத்தில் சிமென்ட் விளம்பரம்தான் போட வேண்டியிருக்கும் என்றேன். சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். என் வேலை வாழ்க்கையில் எனக்கு நேர்ந்த பெரிய சங்கடமே அதுதான்.

என் பெயர் பழனிசாமி. புதுச்சத்திரத்துக்காரன். அப்பா லாரி டிரைவர். எனக்கு வண்டி ஓட்டப் பயம் என்று தெரிந்ததும் அவர் என்னைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படம் வரையப் போட்டார். நேர்கோடு, வளைகோடு, சாய்வெழுத்து, அவ்வளவுதான் அங்கே கற்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஆர்க்கிடெக்ட் கிருபாகரன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிற்பாடு ஊராட்சி ஒன்றியத்தில் கழிப்பறையும் சத்துணவுக் கூடமும் வரைந்து, கண்ணில் புரை விழுந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றியத்துக் கதையில் சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறைகள் இன்னும் நிற்கின்றன. நான் சொல்லப்போவது கிருபாகரன் சாரைப் பற்றி.

சார் சென்னைக்காரர். சேலத்து மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு டை கட்டிக்கொண்டுதான் வருவார். மூக்குக் கண்ணாடியை டை நுனியால் துடைப்பார்; டை எதற்கென்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். ‘மிஸ்டர் பழனி’ என்றால் எல்லாம் நலம். வெறும் ‘பழனி’ என்றால் ஏதோ தப்பு. ‘தம்பி’ என்றால் வேலை போயிற்று. எனக்கு முன்னால் என் வரைபலகை முக்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தம்பி ஆகித்தான் படி இறங்கினார்களாம். நான் வரைந்த தாளில் அவர் ஒருநாளும் பென்சில் வைத்ததில்லை. அதன்மேல் மெல்லிய வெண்ணெய்த்தாளை விரித்து, மழுங்கிய பென்சிலால் கோழி கிளறினாற்போல் கிளறுவார். ஆனால் அந்தக் கிளறலுக்குள் ஒரு கட்டடம் இருக்கும். அதை நான் எந்தக் காலத்திலும் மறுக்க மாட்டேன்.

டிரேசிங் தாளில் மை கொண்டு வரைவதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சித்திரவதைக் கதை போலக் கேட்கிறார்கள். முதலில் தாளை நான்கு மூலையிலும் ஒட்டி, முகப்பவுடர் தூவித் துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் மை பிடிக்காது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே வர வேண்டும். இழுத்த கோட்டின் மேல் கை படக் கூடாது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் ஒரு படுக்கையறை போச்சு. அதனால் தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வேன்; பார்க்கிறவர்களுக்குப் பல்வலிக்காரன் போலத் தெரிவேன். தப்பு வந்தால் சவர பிளேடால் மையைச் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தேய்க்காமல் மறுகோடு இழுத்தால் மை வேர் விட்டு ஓடும். கடைசியில் அம்மோனியாப் பெட்டியில் நகல் எடுப்பது. அந்த அறைக்குள் போனால் யாருக்கும் கண்ணீர் கொட்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வரும் நாட்களில் நானே வலியப் போவேன்.

சாருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருந்தது. கணுக்கால் வரை கோட்டு, மார்பு வரை தாடி, பின்னால் பாதி எழும்பிய கோபுரம், காலடியில் பனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வீடன் தேசத்தில் வாழ்ந்த ஓர் ஆர்க்கிடெக்ட். சார் சென்னையில் படித்த காலத்தில் நடைபாதைக் கடையில் வாங்கிய தடித்த புத்தகத்திலிருந்து கிழித்துச் சட்டம் போட்டது. புத்தகம் முழுக்க அந்த மனிதரின் வாழ்க்கை, கட்டடங்கள். ஒரே ஒரு சின்னச் சிக்கல்: புத்தகம் ஸ்வீடன் பாஷையில் இருந்தது. சாருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

“படத்தைப் பார்த்தா தெரியாதா மிஸ்டர் பழனி? கட்டடத்துக்கு பாஷை எதுக்கு?” என்பார்.

அப்படிப் படம் பார்த்தே அந்த மனிதரின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் சாவு வரை சார் கட்டி முடித்திருந்தார். கட்டியதை ஆளுக்கேற்றபடி இடித்தும் மாற்றினார். சேந்தமங்கலத்திலிருந்து சின்ன வீடு கட்ட வருகிறவரிடம் ஸ்வீடன்காரர் கொல்லன் மகன். பட்டினி கிடந்து முன்னுக்கு வந்தவர். மில் முதலாளி வந்தால் அவர் பிரபு வம்சம். வரைபடத்தில் கை வைக்கிறவர்களுக்கென்று ஒரு கதை இருந்தது. ஒரு பிஷப் வந்து, தேவாலயத்தில் தூண் மறைக்கிறது, எடுத்துவிடு என்றாராம். ஸ்வீடன்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். பிஷப் பனியில் பின்னாலேயே ஓடி வந்தாராம். ஆதாரம்: ஒரு குண்டுப் பாதிரியார் பனியில் நிற்கும் படம்.

வந்தவர்களில் பாதிப் பேர் தாடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். “உங்க தாத்தாங்களா சார்?” என்று கேட்பார்கள். முதலில் விளக்கிப் பார்த்த சார், பிறகு களைத்துப்போய் “ஆமாங்க” என்று சொல்லிவிட்டார். எனக்கும் அவர் மேல் மரியாதை வந்திருந்தது. பிஷப்பையே ஓட வைத்தவர் அல்லவா? என்னால் கைகாட்டிப் பேருந்தைக்கூட நிறுத்த முடிந்ததில்லை.

பனமரத்துப்பட்டியில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரருக்கு வீடு கட்டினோம். சார் செங்குத்தாக ஓட்டுக் கூரை வைத்து, கூரை விளிம்பு நெடுக இரும்புக் கம்பி ஒன்றைப் போட்டிருந்தார். இது எதற்கென்று மேஸ்திரி என்னைக் கேட்டார். “பனிக்கட்டி சறுக்கி ஆளுங்க தலையில விழாம இருக்கறதுக்குங்க” என்றேன். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். பங்குனி வெயில். “விழுந்தா நல்லாத்தானுங்க இருக்கும்” என்றார். வீடு முடிந்ததும் அந்தக் கம்பியில் வரிசையாகப் புறாக்கள் வந்து உட்கார்ந்தன. ஆலைக்காரர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “புறாவுக்குக் கூட எடம் ரோசிச்சு வெச்சிருக்கீங்களே சார்” என்றார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே “ஆமாம்” என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே பத்து வருஷம் ஓடியது. ஆனால் சாருக்குள் ஒரு புண் இருந்தது. கோழிப் பண்ணைக் கொட்டகை, ஜவ்வரிசி காயவைக்கும் களம், சினிமாக் கொட்டகை டிக்கெட் அறை, இவைதாம் அவருக்கு வந்தவை. அவர் கேட்டது ஒரு கோபுரம். ஸ்வீடன்காரர் பின்னால் நிற்பதைப் போல ஒன்றே ஒன்று.

அது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. நாமக்கல்லில் லாரிகளும் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையும் வைத்திருந்த ராமசாமி, நெடுஞ்சாலை ஓரத்தில் கல்யாண மண்டபம் கட்ட முடிவு செய்தார். தன் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து என் அப்பா அவரிடம்தான் டிரைவர். சார் உயிரைக் கொடுத்து வரைந்தார். நடுக்கூடத்தில் இரண்டு வரிசை மெல்லிய தூண்கள், முகப்பில் கூம்புத் தலையோடு கோபுரம். ராமசாமி படத்தைப் பார்த்ததும் விரலைத் தூணில் வைத்தார்.

“ஏனுங்க சார், இத்தனை தூணு நட்டா ஒரம்பரை சனம் எங்கீங்க உக்கார்றது? பொண்ணு மூஞ்சியப் பாக்க வந்தவன் தூணு மூஞ்சியப் பாத்துட்டுப் போவானுங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதோடு கல்யாணம் முடியாது. சீர் மேல் சீர் உண்டு. ஒவ்வொன்றையும் சொந்தபந்தம் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்க முடியாமல் போனவர் ‘எனக்குக் காட்டாமச் செஞ்சுட்டாங்க’ என்று பேச்சுவார்த்தையை நிறுத்திவிடுவார்.

சார் பிஷப் கதையைச் சொன்னார். பனியில் ஓடியது வரை சொல்லி முடித்தார். ராமசாமி பொறுமையாகக் கேட்டார்.

“அந்தச் சாமியாரு ஓடுனாருங்க. நான் ஓட மாட்டனுங்க, எனக்கு மூட்டு வலி” என்றார். “தூண எடுத்துப்போடுங்க. கோபுரம் எத்தனை உசரம் வேணுமோ கட்டிக்குங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்.”

சார் தொப்பியை எடுப்பார் என்று பார்த்தேன். அவரிடம் தொப்பி இல்லை. டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பித் தாடிக்காரரைப் பார்த்தார். பிறகு வெண்ணெய்த்தாளை விரித்துத் தூண்களை விட்டுவிட்டு மீதியைக் கிளறினார்.

தூணில்லாமல் அந்த அகலத்துக்குக் கூரையை எது தாங்கும்? அதற்கும் ராமசாமியே வழி சொன்னார். லாரி ஊர்க்காரர்களால் மட்டும் சொல்ல முடிந்த வழி.

“பட்டறையில பழைய சேஸு கெடக்குதுங்க. ஓடி ஓஞ்சதுதான், ஆனா இரும்பு இரும்புதானுங்களே? பத்து டன்னு ஏத்திக்கிட்டு கல்கத்தா வரைக்கும் குழியிலயும் மேட்டுலயும் குதிச்சுக்கிட்டே போச்சுங்க. ஆடாம அசையாம நிக்கற மொட்டை மாடியத் தாங்காதுங்களா?”

லாரியின் அடிச்சட்டத்தை உத்தரமாகப் போடுவது. ஒரு சட்டம் நீளம் எட்டாது. இரண்டை முனையோடு முனை சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். பற்று எங்கே வரும்? கூடத்தின் நட்ட நடுவில், எந்த உத்தரமும் முதலில் தொய்கிற அதே இடத்தில்.

 பயந்தால் எனக்கு வாயில் நக்கல்தான் வரும். “மொதலாளி, சேஸுக்கு அடியில சக்கரம் இருக்குதுங்க. மண்டபத்துக்குத் தூணுதானுங்க சக்கரம்” என்றேன்.

ராமசாமி தொடையில் தட்டிச் சிரித்தார். “உங்கப்பனாட்டமே பேசறான் பாருங்க சார்!” சாரும் சிரித்தார். இருவரும் சிரித்து முடித்தபோது சேஸ் முடிவாகியிருந்தது.

அவர் போன பிறகு கேட்டேன். “கணக்குப் போட்டுப் பாத்தீங்களா சார்?”

“போட்டேன்.”

“சரியா வருதுங்களா?”

“டவர் சரியா வருது” என்றார்.

அடுத்த வாரம் வந்த ஆளிடம் ஸ்வீடன்காரர் கதை மாறியிருந்தது. பிஷப் தூணை எடு என்றதும் ஊரே எதிர்த்ததாம்; அவர் ஒருவர்தான் துணிந்து எடுத்தாராம். அதே குண்டுப் பாதிரியார், அதே பனி. இப்போது அவர் ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபம் எழும்பியது. சேஸ்களைச் சிமென்ட் பூசி மூடினார்கள். பார்த்தால் கான்கிரீட் உத்தரம் போலவே இருக்கும். முகப்பில் கோபுரம் நின்றது. அழகாகத்தான் இருந்தது. உச்சியில் சிமென்டில் ஒரு லாரி செய்து வைக்க வேண்டும் என்று ராமசாமி சொன்னார். சார் அதையும் விழுங்கினார். முட்டுப் பலகைகளைப் பிரித்த அன்று ராமசாமி எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“உன்ற புள்ள சரசுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுருச்சாமா? மண்டபத்துல மொதக் கல்யாணம் டிரைவர் ஊட்டுக் கல்யாணமாத்தான் இருக்கோணும்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அழுதுவிட்டார். சரசு என் ஒரே தங்கை. நானும் அழுதேன். நான் அழுத காரணம் வேறு.

மறுநாளே மண்டபத்துக்குப் போனேன். உத்தரம் தொய்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு முனையிலும் உத்தரத்துக்கு அடியில் ஒவ்வொரு தீப்பெட்டியை வைத்து, அவற்றுக்குக் கீழாக நூலை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். உத்தரம் நேராக இருந்தால் நடுவிலும் நூலுக்கும் உத்தரத்துக்கும் இடையே ஒரு தீப்பெட்டி நுழையும். ஏணியில் ஏறி நுழைத்துப் பார்த்தேன். பெட்டி நுழையவில்லை. ஒரு குச்சி நுழைந்தது. சில நாள் கழித்துப் போனபோது குச்சியும் நுழையவில்லை. ஏணியிலிருந்து நான் இறங்கவில்லை. ஏணிதான் என்னை இறக்கிவிட்டது.

அதன்பிறகு என் நிலைமையைக் கேட்க வேண்டாம். எந்தக் கூரைக்குக் கீழே போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். புதுச்சத்திரத்து டீக்கடை ஓலைக் கொட்டகைக்குள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே டீயைச் சட்டைப் பைக்குள் ஊற்றிக்கொண்டேன். ஓலை விழுந்து யாரும் செத்ததில்லை என்று எனக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்.

“மொதலாளி நம்மள மதிச்சு மொதக் கல்யாணம் குடுத்திருக்காரு. நீ அவரு கூரை உளுந்துரும்னு சொல்லீட்டுத் திரியறயா? எந்நேரமும் கேலிதானாடா உனக்கு?”

“கேலியில்லீங்கப்பா. சத்தியமாங்க.”

“இப்பிடித்தான் உங்க மாமன் கல்யாணத்துல பாயாசத்துல பல்லி கெடக்குதுன்னு சத்தியம் பண்ணுன. ஒரு பந்தியே எலைய உட்டு எந்திரிச்சுருச்சு. போடா அக்கட்டால.”

பல்லி விஷயம் உண்மை. அதாவது பல்லி கிடக்கவில்லை என்பது உண்மை.

சாரிடம் போனேன். நூல், பெட்டி, குச்சி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பித் தாடிக்காரர் படத்தைப் பார்த்தார்.

“அவரோட ஒரு கட்டடத்துலயும் இப்படித்தான் ஆச்சு மிஸ்டர் பழனி. அவர் என்ன பண்ணார் தெரியுமா? காத்திருந்தார். புதுக் கட்டடம் கொஞ்ச நாள் உட்காரும்.”

“நம்ம கட்டடம் படுக்கறதுக்குப் பாக்குதுங்க சார். அதுக்கடியில என் தங்கச்சி உக்காரப் போறாளுங்க.”

“பழனி” என்றார். மிஸ்டர் போய்விட்டது. குரல் தரைக்கு இறங்கியிருந்தது. நான் அம்மோனியா அறைக்குப் போய்விட்டேன்.

கட்டடம் முடிந்தால் வேலை செய்தவர்களுக்கெல்லாம் வேட்டி துண்டு கொடுத்து, உள்ளேயே இலை போட்டு விருந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ராமசாமி விருந்து வைத்தார். முதல் இலை ஆர்க்கிடெக்டுக்கு. அந்த இலையை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது, நான் குறுக்கே புகுந்தேன்.

“நட்ட நடுவுல போடோணுமுங்க மொதலாளி. அவரு கட்டுன மண்டபம். ஓரத்துல உக்கார வெச்சா என்னுங்க மரியாதை?”

“அட, அதுவும் செரிதான்.”

பற்றுவைத்த இடத்துக்கு நேர் கீழே ஜமுக்காளத்தை நானே விரித்தேன். விரித்த வேகத்தில் முட்டி தேய்ந்துவிட்டது. அவரைச் சிக்கவைக்க வேண்டும் என்பதல்ல என் எண்ணம். அங்கே வந்து உட்கார்ந்தால் தலைக்கு மேலே பார்ப்பார், பார்த்தால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். என்ன இருந்தாலும் பிஷப்பைத் தெரிந்த மனிதர்.

கார் வந்தது. சார் இறங்கி, முதலில் கோபுரத்தை வெகுநேரம் பார்த்தார். ராமசாமி முகப்பிலேயே மாலை போட்டார். கொத்தனார்களும் சித்தாள்களும் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவருடைய இலை மட்டும் காலி. சார் நிலைப்படி வரை வந்தார். இலையைப் பார்த்தார். இலைக்கு மேலே பார்த்தார். நின்றுவிட்டார்.

“ஷூ கழட்டணும்” என்று குனிந்தார். லேஸை அவிழ்த்தார். அவிழ்த்த லேஸை மறுபடி கட்டினார்.

“அப்பிடியே வாங்க சார், பரவால்லீங்க.”

“இல்ல, வயிறு கொஞ்சம் சரியில்லை. ஒரு டம்ளர் மோர் போதும். இங்கேயே.”

“மோரும் உள்ளதானுங்க இருக்குது.”

“இங்க கொண்டுவரச் சொல்லுங்களேன். காத்து நல்லா வருது.”

காற்றே இல்லை. கோபுரத்து நிழல்கூட அசையாத மத்தியானம். ராமசாமி சாருடைய கால்களைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். அவர் படிக்காத மனிதர்; ஆனால் வண்டிக்காரர்.

“எங்க பட்டறையில ஒரு பழக்கமுங்க சார்” என்றார், மெதுவாக. “கூடு கட்டி முடிச்ச வண்டிய மொத ஓட்டம் ஓட்டும்போது, கட்டுன ஆசாரியவும் பக்கத்துல ஏத்திக்குவோம். ஏறமாட்டேன்னு அவன் சொன்னான்னா, ஏன்னுகூடக் கேக்க மாட்டோம். வண்டியப் பிரிச்சுருவோம்.”

சார் டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.

“உள்ள வாங்க சார்.”

சார் வரவில்லை. ராமசாமி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “எல்லாரும் எலையத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க சாமி. வேப்பமரத்தடியில சாப்புடலாம். சீக்கிரம் வாங்க.”

இதையெல்லாம் நான் எங்கே நின்று பார்த்தேன் என்று கேட்பீர்கள். சாருக்குப் பின்னால்தான். அவரைவிட இரண்டடி வெளியே.

சார் காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண் என்மேல் இல்லை, மேலே இருந்தது.

“டவர் நல்லா வந்திருக்கு, இல்ல தம்பி?” என்றார்.

நல்லா வந்திருக்குதுங்க சார் என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

அவரைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு மண்டபத்தில் கான்கிரீட் தூண்கள் எழுப்பினார்கள். தூண் வேண்டும் என்று தாம் ஒற்றைக் காலில் நின்றதாகச் சார் சொல்லிக்கொண்டார். கோபுரத்தைப் பார்த்துவிட்டு ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அலுவலகம் பெரிதாயிற்று, டை மட்டும் பழையது. ஸ்வீடன்காரரின் வாழ்க்கையிலும் புதிதாக ஓர் ஆள் சேர்ந்திருந்ததாகக் கேள்வி. கூட இருந்து படம் வரைந்தவனாம், பயந்தாங்கொள்ளியாம், வேலை பாதியில் இருக்கும்போது ஓடிவிட்டானாம். அவனுக்கு எந்தப் படத்தை ஆதாரம் காட்டினாரோ தெரியவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. தேதியை மாற்ற முடியாது. தூண் எழுப்ப நாளும் இல்லை. ராமசாமி பட்டறை ஆட்களைக் கொண்டுவந்தார். ஒவ்வோர் உத்தரத்தின் பற்றுக்கும் கீழே கனத்த மரக்கம்பை நிறுத்தி, அடியில் லாரி ஜாக்கியை வைத்து மெல்ல மெல்லத் தூக்கினார்கள். நான் ஏணியில் தீப்பெட்டியோடு நின்றேன். குச்சி நுழைந்தது. பிறகு பெட்டி நுழைந்தது. “போதுமுங்க!” என்று நான் கத்தியது சாலையில் போன பேருந்துக்காரனுக்குக் கேட்டு அவன் வண்டியை நிறுத்திவிட்டான். கம்புகளைச் சுற்றி வாழைமரம் கட்டி, ஜாக்கிகளைச் சேலைத் துணியால் மூடினோம்.

கூடத்தின் நட்ட நடுவில் வாழைத் தோப்பு. சனம் வந்து உட்கார்ந்ததும் சலசலப்பு ஆரம்பித்தது. தூணில்லாத மண்டபம் என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தார்கள். ராமசாமி ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கைகூப்பிச் சொன்னார்: “மண்டபம் கல்லாட்டம் இருக்குதுங்க. டிரைவர் பையன் பழனி இருக்கறானே, பயந்தாங்கொள்ளி. அவனுக்காகத்தான் முட்டுக் குடுத்தது.” எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்று முழுவதும் அவர் என் பக்கம் வரவே இல்லை.

மணமேடைக்கு வா என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. நடுக்கம்பின் ஜாக்கியை எந்தப் பொடியனாவது திருகிவிட்டால் என்ன செய்வது? அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கூரையே என் தோளில் இருப்பதுபோல நின்றேன். மேளம் வேகம் எடுத்தது. சேந்தமங்கலத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் எழுந்து இந்தப் பக்கம் எட்டினார், அந்தப் பக்கம் எட்டினார். இரண்டு பக்கமும் வாழை இலை.

“எந்தக் கெரகம் புடிச்சவன் சாமி இதைக் கொண்டாந்து நடுவுல நட்டான்?”

“எவனோ கிறுக்கனுங்க” என்றேன்.

“அவனூட்டுக் கல்யாணத்துல இப்பிடி நடுவானா?”

கெட்டிமேளம் கொட்டியது. அவர் கம்புக்கு அந்தப் பக்கம் சாய்ந்தார், நான் இந்தப் பக்கம் சாய்ந்தேன். சரசு தலை குனிந்தது தெரிந்தது. தாலி கட்டியது தெரியவில்லை.